மாப்பிள்ளை காரும் கல்யாணப் புளியும்

புத்தகம் படிக்கிற ஆளை வீட்டில் வைத்துக்கொள்வதில் ஆபத்து ஒன்றுமில்லை. படித்ததை அவன் செய்து பார்க்கக் கிளம்பும்போதுதான் மற்றவர்கள் சாமான்களை ஒளித்துவைக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒளித்துவைக்கத் தவறியது புளி.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருஷம், வைகாசி மாதம், வளர்பிறை. (என் தங்கை சரோஜா இன்றுவரை சித்திரை என்று சாதிக்கிறாள். கல்யாணம் அவளுடையதுதான், அதற்காகத் தேதி விஷயத்தில் அவளை நம்பிவிட முடியாது.) மாப்பிள்ளை வீட்டார் பாகலூர்க்காரர்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே மூச்சில் பேசுகிறவர்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா நிச்சயத்தன்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"பொண்ணு போதும்பா, வேற ஒண்ணும் வேணாம். ஆனா மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் வேணும். மாட்டு வண்டி கட்டிட்டு வந்தீங்கன்னா, பிள்ளையார் கோயிலைத் தாண்டி ஒரு அடி வெக்க மாட்டோம்."

"கார்தானே? எங்கிட்டயே இருக்கு" என்றேன்.

இருந்தது. தேன்கனிக்கோட்டையில் ஒரு மர வியாபாரியின் கொட்டகையில் கோழிகள் குடியிருந்த கார் அது. முந்தின ஆடியில் வாங்கினேன். எஞ்சின் நன்றாகவே ஓடியது. பானட்டும் மட்கார்டுகளும்தான் துரு.

"ஏண்ணா, இது கறுப்புக் காரா, காவிக் காரா?" என்றாள் சரோஜா. "இதுல வந்தா மாப்பிள்ளை சந்நியாசம் வாங்கப் போறாருன்னு நெனச்சுக்குவாங்க. பிள்ளையார் கோயில்ல அவங்க உக்காந்துட்டா என் கதி என்ன?"

பெங்களூருக்குக் கொண்டுபோய்ப் பெயிண்ட் அடிக்க நாளில்லை. ஆனால் புளிப்பு துருவைக் கரைக்கும் என்று ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் படித்திருந்தேன். நம் பக்கத்தில் புளிக்கா பஞ்சம்! மட்கார்டில் உள்ளங்கை அளவு இடத்தில் புளியும் உப்பும் வைத்துத் தேய்த்தேன். வெள்ளிக் கொலுசு மாதிரி பளிச்சென்றது. கழுவிவிட்டுக் கர்வத்தோடு தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் அதே இடத்தில் புதுத் துரு, பழையதைவிடச் சிவப்பாக.

சாதாரண மனிதன் இங்கே நிறுத்தியிருப்பான். நான் யோசித்தேன். தண்ணீர் பட்டுக் காய்வதற்குள் துரு திரும்பி வருகிறது. ஆகவே புளியைக் கடைசி நேரம்வரை காரின் மேலேயே விட்டுவைத்து, புறப்படும் முன் வழித்தெடுத்துத் துடைத்து விளக்கெண்ணெய் தடவிவிட வேண்டும். (இதை நினைத்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது.)

அழைப்பு நாள் மத்தியானம், கல்யாணச் சமையலுக்கு அம்மா வாங்கி வைத்திருந்த புளி முழுவதையும் கல்லுப்போடு கெட்டியாகக் கரைத்து, கார் முழுக்க அப்பினேன். வெயிலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன்.

எங்கள் வீடு கெலமங்கலம் சாலையில். அன்று கெலமங்கலத்தில் மாட்டுச் சந்தை. இதை, நாள் கிழமை பார்த்தே தும்முகிற நான் மறந்துவிட்டேன்.

"அண்ணா! காரைத் தின்னுதுங்க!" என்று சரோஜா அலறினாள்.

ஓடிவந்தேன். சந்தையில் வாங்கி ஓட்டிவந்த மாட்டு மந்தை ஒன்று என் காரைச் சூழ்ந்து நின்று நக்கிக்கொண்டிருந்தது. பானட்டில் மூன்று நாக்கு, மட்கார்டுக்கு இரண்டு. ஒரு கிடாரி முன்காலைப் படியில் தூக்கி வைத்துக் கூரையை எட்ட முயன்றது. ஓட்டிவந்தவர் தடியோடு கத்தினார்: "யாருப்பா இது, கார் மேல ஊறுகாய் போட்டு வெச்சது?"

விரட்டினேன். ஒன்றும் நகரவில்லை. நக்கி முடித்து, அவையாக மனது வைத்துத்தான் விலகின.

மாட்டு நாக்கு அரம் மாதிரி. என் கை ஒரு வாரம் தேய்த்தாலும் வராத துருவெல்லாம் போயிருந்தது. பானட் கண்ணாடி! (ஓரங்களில் பெயிண்டும் கொஞ்சம் போயிருந்தது. அதற்குத்தான் பூச்சரம் இருக்கிறதே.) துடைத்து, விளக்கெண்ணெய் பூசி, மல்லிகையும் சாமந்தியும் சுற்றினேன். உள்ளே அம்மா, "கல்யாண ரசத்துக்கு வெச்ச புளி எங்கடா?" என்று கேட்டது காதில் விழுந்தது. எஞ்சினைக் கிளப்பிவிட்டேன்.

பிள்ளையார் கோயிலில் பெரியப்பா காரைச் சுற்றிவந்து பானட்டில் தன் மீசையைப் பார்த்துக்கொண்டார். "பரவால்லப்பா, புதுசு மாதிரி வெச்சிருக்க." மாப்பிள்ளை ஏறினார். நாதஸ்வரம் முன்னே, கார் ஆமை வேகத்தில் பின்னே. நிம்மதியாக மூச்சு விட்டேன்.

ஏரிக்கரையில் இளைப்பாறிக்கொண்டிருந்த மந்தை எங்களை அடையாளம் கண்டுகொண்டது.

மட்கார்டுக்கு அடியிலும் பம்பர் இடுக்கிலும் புளி மிச்சமிருந்திருக்க வேண்டும். முதலில் அந்தக் கிடாரி வந்தது. பிறகு எல்லாம். வேகமாக ஓட்டினால் நாதஸ்வரக்காரர் மேல் ஏற்ற வேண்டும். நிறுத்தினால் நக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, சரோஜாவின் கல்யாணம் என் புளியால் நின்றுபோகும் என்று வியர்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா திரும்பிப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன் (ஓட்டிக்கொண்டேதான்).

"சூடு, சூடு! கோமாதா கூடவே வஸ்துந்தி!" என்று அவர் தெலுங்கில் கூவிக் கை கூப்பினார். "பாருங்க, பாருங்க, மாப்பிள்ளை பின்னால மகாலட்சுமியே நடந்து வர்றாப்பா! எங்க வம்சத்துல யாருக்கு இப்படி ஒரு அழைப்பு?" பெண்கள் மாடுகளுக்குக் குங்குமம் வைக்க ஓடினார்கள். ஊரே சாலைக்கு வந்தது. பின்பக்கப் பூச்சரம் முழுவதையும் கிடாரி தின்று முடித்தபோது, அதையும் நல்ல சகுனம் என்றார்கள்.

மறுநாள் பந்தியில் எலுமிச்சம்பழ ரசம். அதற்கும் பாராட்டு.

இன்று பாகலூரில் அந்தக் குடும்பத்துக் கல்யாணம் என்றால், அழைப்புக் காரின் பின் பம்பரில் ஒரு பிடி உப்புப்புளி தடவாமல் வண்டி நகராது. குலவழக்கமாம், அதற்குத் தாத்பரியமும் சொல்கிறார்கள். போன தடவை ஒரு பெரியவர் எனக்கே அதை விளக்கினார். நான் பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சரோஜா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, என் காதில் மட்டும் கேட்டாள்:

"ஏண்ணா, ரசத்துக்காவது கொஞ்சம் மிச்சம் வெச்சாங்களா?"