எங்கள் வாசலில் வளைந்த ஆறு

மதிப்புக்கும், அதைவிடச் சற்றுக் கூடுதலாக அச்சத்துக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டவன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். வீட்டின் மாடி நலம். கீழ்த்தளம் தேறி வருகிறது. அங்கே தாங்களும், அக்காவும், வெள்ளத்துக்கு மறுநாள் பெட்டியோடு வந்திறங்கிய என் மனைவியும், அவளோடு கூடவே வந்த கோபமும் நலம்தானே? நான் போன் செய்தால் அவள் வைத்துவிடுகிறாள். தாங்கள் எடுத்தால் "அவ தூங்குறா மாப்பிள்ளை" என்கிறீர்கள். நண்பகலில் ஒருத்தி எத்தனை நாள்தான் தூங்குவாள் மச்சான்? ஆகவே இந்தக் கடிதம். ஒரே ஒரு வேண்டுகோள்தான். அவளை எப்படியாவது சமாதானப்படுத்தி இங்கே அனுப்பி வையுங்கள். வீடு இனிமேல் பத்திரம். எப்படிப் பத்திரம் என்பதைக் கீழே விளக்கியிருக்கிறேன். நான் விளக்க ஆரம்பித்தாலே தாங்கள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவீர்கள் என்று தெரியும். இந்த ஒரு முறை மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் ஆறு. மலையிலிருந்து இறங்கும்போது அதற்கு வேகமும் உண்டு, போகிற இடமும் தெரியும். எங்கள் பகுதி மாதிரித் தாழ்நிலத்துக்கு வந்ததும் சரிவு போய்விடுகிறது. அப்புறம் இடதுபக்கம் கொஞ்சம், வலதுபக்கம் கொஞ்சம் என்று வளைந்து, மேலே வாரிக்கொண்டு வந்த வண்டலையெல்லாம் வழியெல்லாம் கொட்டிவிட்டு, யார் வீட்டுப் பக்கமாவது போய்ப் படுத்துக்கொள்ளும். ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியரும் அப்படித்தான் என்பது தங்கள் தங்கையின் கருத்து. இங்கே ஒரு காலத்தில் நாணலும் மேய்ச்சலுமாக இருந்ததாம். பிறகு செங்கல் சூளைக்காரர்கள் வந்து கரை மண்ணை அள்ளினார்கள். அள்ளிய பள்ளத்தில் ஊரில் இடித்த கட்டடங்களையெல்லாம் கொட்டினார்கள். ஆற்றைக் கிழக்கே ஒரு கான்கிரீட் வாய்க்காலுக்குள் தள்ளிவிட்டு, மேலே தாரை ஊற்றி, கல் நட்டு, மனை என்று விற்றார்கள். வாங்கின புத்திசாலிகளில் அடியேனும் ஒருவன். "ஆறு பழைய தடத்தை மறக்காது, எழுதிக்கோங்க" என்று வகுப்பில் வருஷா வருஷம் தொண்டை வறளக் கத்தினவன் நான். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். வாத்தியார்தான் எழுதிக்கொள்ளவில்லை. அஸ்திவாரம் தோண்டும்போது ஆற்று மணலும் நத்தை ஓடுமாக வந்தது. வேறு எவனாக இருந்தாலும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பான். நான் அந்த ஓடுகளைக் கழுவித் துடைத்து மேஜைமேல் அழகாக வைத்தேன்.

அப்படியே இருந்திருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு பாடம் நடத்த ஆள் கிடைக்காததுதான் வினை. பால் வாங்கப் போனால் பால்காரரிடம் வண்டலைப் பற்றிச் சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து அவர் பாக்கெட்டை மதில்மேல் வைத்துவிட்டு மணியடிக்காமலே போய்விட்டார். கடைசியில் குடியிருப்போர் சங்கத்தில் எழுந்து நின்று, நம்முடைய தெருக்களில் பழைய ஆற்றின் நடுத்தடம் எங்கே போயிற்றோ அங்கே நீலப் பெயிண்டில் ஒரு கோடு போட வேண்டும், வருங்காலச் சந்ததி தெரிந்துகொள்ள வேண்டும் என்று பேசினேன். சங்கத் தலைவர் பக்கத்து வீட்டு டயர் கடைக்காரர். அவர் கைதட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் பேச்சை நிறுத்தியதற்காகத்தான் தட்டினார்கள் என்று தங்கள் தங்கை பிறகு சொன்னாள்.

பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு அவளேதான் கூட வந்தாள் மச்சான். பழைய வரைபடத்தை ஒரு கையிலும் பிரஷ்ஷை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்திலிருந்து ஆரம்பித்து, அரவை மில்லைத் தாண்டி, சாலையின் நடுவே, தெருவின் ஓரமாக, வழியில் கண்டவர் வாசலையெல்லாம் தயவு தாட்சண்யம் பார்க்காமல் வெட்டிக்கொண்டு கோடு போட்டேன். "ஐயய்யோ, எங்க கேட்டுக்குள்ள வருதே" என்று அலறியவர்களிடம், "வரலாறு யார் வீட்டுக் கேட்டையும் பார்க்காதுங்க" என்று சொன்னேன். ஊருக்கு உபதேசம் எவ்வளவு சுலபம்! அப்படியே எங்கள் வாசலுக்கு வந்தேன். வரைபடத்தைப் பார்த்தேன். கோடு எங்கள் கேட்டுக்குள் நுழைந்து, கூடத்தின் நடுவே, அவள் தையல் மெஷின் இருக்கிற இடத்தைத் தொட்டுக்கொண்டு, சமையலறை வழியாகப் பின்னால் போகவேண்டும். சந்தேகமே இல்லை. வரைபடத்தை ஒரு தரம் திருப்பிப் பார்த்தேன். அப்போதும் அப்படியேதான் போயிற்று. என் கை என்ன செய்தது தெரியுமா? கேட்டுக்கு முன்னால் அழகாக ஒரு வளைவு வளைந்து, டயர் கடைக்காரர் வீட்டு வாசல் வழியாகப் போய், பின்பக்கத்துச் சந்தில் மறுபடியும் நேராகச் சேர்ந்துகொண்டது.

"ஏங்க, நம்ம வாசல் வந்ததும் உங்க ஆறு மட்டும் திரும்புது?" என்றாள்.

"ஆறுன்னா வளையத்தாம்மா செய்யும். அதுதான் அதோட இயல்பு."

"இயல்பா? வரைபடத்துல நேராத்தானே இருக்கு? உள்ளதை உள்ளபடி போடுங்க. இல்லேன்னா போடாதீங்க."

நான் போட்டுவிட்டேன். போட்டதோடு விட்டேனா? போகப் போக அந்தக் கோட்டை நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மறைத்துவிட்டு, அப்புறம் பூசணிக்காய் எங்கே என்று தானே தேடியவன் நான் ஒருவன்தான். மழை வலுத்தபோது அவள், "மெஷினை மாடிக்கு ஏத்திடலாங்க, ஒரு கை பிடிங்க" என்றாள். மாடியறையில் என் வரைபடங்கள் இருந்தன. மெஷினை வைத்தால் அவற்றைச் சுருட்ட வேண்டும். "ஆறு அந்தப் பக்கம்மா போகுது. கோட்டைப் பாத்தியா இல்லையா?" என்று சொல்லிவிட்டு, கேட்டருகில் நின்று தெருக்காரர்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன். பட்டப்பகல். டயர் கடைக்காரர் வீட்டு வாசலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நான் கையை நீட்டி வளைவை விளக்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், ஆறு எங்கள் கேட்டுக்குள் நுழைந்து, என் முழங்காலை ஒதுக்கிவிட்டு, கூடத்துக்குள் போயிற்று. வரைபடத்தில் உள்ள இடத்திலிருந்து ஒரு சாண்கூட விலகவில்லை. தொழில் முறையில் எனக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

அவள் வாடிக்கையாளர் துணிகளையெல்லாம் தோளில் போட்டுக்கொண்டு தன்னந்தனியாக மாடிக்கு ஏறிவிட்டாள். மெஷினை ஒருத்தியால் தூக்க முடியுமா? அது நின்ற இடத்திலேயே முழுகிற்று. அந்த மெஷினில் தைத்துத்தான் அவள் நம் பெண்ணைப் படிக்க வைத்தாள் என்பது எனக்குத் தெரியாதா மச்சான்? தெரியும். தெரிந்துதான் வரைபடத்தைக் காப்பாற்றினேன். எங்கள் இருவரையும் டயர் கடைக்காரர் லாரி டியூபில் உட்கார வைத்து, இடுப்பளவுத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். தன் சட்டையை எனக்குக் கொடுத்தார். அதில் என்னைப் போல இரண்டு பேர் இருக்கலாம். மறுநாள் காலையில் இவள் பெட்டியை எடுத்தாள். "அந்தக் கோட்டை நேராக்குற அன்னிக்கு எனக்குப் போன் பண்ணுங்க" என்று ஒரே ஒரு வார்த்தை. போய்விட்டாள்.

இப்போது நல்ல செய்தி. நேற்று வாய்க்கால் பொறியாளர் வந்தார். கிழக்கு வாய்க்கால் இனித் தாங்காதாம்; பழைய தடத்தையே தோண்டித் திறந்துவிடப் போகிறார்களாம். "சார், நீங்க போட்ட கோடு பிரமாதம். நாங்க தனியா அளக்கவே வேண்டாம், அது மேலயே தோண்டிடலாம்" என்றார். கேட்டீர்களா! மற்ற வாசல்களில் தரைக்கடியில் குழாய் போட்டுவிடுவார்களாம். எங்கள் முனையில்தான் பள்ளம் அதிகம், அங்கே இருக்கிற வீட்டை எடுத்தே ஆகவேண்டுமாம். "உங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சாமே?" என்று கேட்டார். "அதுவா, சாக்கடை அடைப்பு" என்று சொல்லிவிட்டேன். ஆக, கோட்டின்படி டயர் கடைக்காரர் வீடு போகிறது, நம் வீடு பிழைக்கிறது, ஆறு நம் மதில் ஓரமாக மரியாதையாகப் போய்விடும். அவருக்கு வேறிடம் கொடுப்பார்கள். பாவம்தான். நான் என்ன செய்ய முடியும்? சேறெல்லாம் கழுவிவிட்டேன். மெஷினைத் தினமும் வெயிலில் வைத்து எண்ணெய் விடுகிறேன். இதையெல்லாம் எடுத்துச் சொல்லி, அந்தக் கோட்டு விஷயத்தை மட்டும் மறக்கச் சொல்லி, அவளை அனுப்பி வைப்பது தங்கள் பொறுப்பு.

தங்கள் குடும்பம் மேட்டு நிலத்தில் என்றென்றும் செழித்திருக்க வேண்டும். அக்காவுக்கு என் வணக்கம். தூங்கிக்கொண்டிருப்பவளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போன நேரத்தில் டயர் கடைக்காரர் வந்தார். தோளில் அவர் மகளின் படிப்பு மேஜை. வீட்டை எடுக்கப்போவதாக அவருக்குச் சொல்லிவிட்டார்களாம். "சார், கொஞ்ச நாளைக்கு இதை உங்க மாடியில வெச்சுக்கறேன். வேற வீடு பாத்ததும் எடுத்துக்கறேன்" என்றார். சண்டை போடுவார் என்று நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவர் போடவில்லை. "வருத்தந்தான் சார். ஆனா நீங்க படிச்சவங்க. கோடு இங்கன்னு நீங்க போட்டா அது இங்கதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு மேஜையை மாடிக்குத் தூக்கிப் போனார். என் வரைபடங்களைக் கசங்காமல் ஓரமாக ஒதுக்கி வைத்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது மச்சான். மீதிப் பெயிண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். வளைவைக் கரி எண்ணெய் பூசி அழித்தேன். கேட்டுக்குள் நுழைந்து, கூடத்தின் நடுவே, மெஷின் நின்ற இடத்தைத் தொட்டு, சமையலறை வழியாகப் பின்வாசல்வரை நேராகப் போட்டேன். தெருவே நின்று பார்த்தது. டயர் கடைக்காரரைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு மாடிக்குப் போய் மேஜையை இறக்கிக்கொண்டு போனார். பொறியாளருக்கும் சொல்லியாயிற்று. "இதை முதல்லயே சொல்லக் கூடாதா சார்?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

உடனே தங்கள் வீட்டுக்குப் போன் செய்தேன். அவளே எடுத்தாள், வைக்கவில்லை.

"நேராப் போட்டுட்டேன்" என்றேன்.

"எது வழியா?"

"நம்ம கூடம் வழியா."



"அப்ப நான் எந்த வீட்டுக்கு வர்றது?"

"நீ வர வேண்டாம். நான் வர்றேன்."

"மெஷினை ரெண்டு பேரா தூக்கச் சொல்லுங்க. தனியாத் தூக்காதீங்க, இடுப்பு பிடிச்சுக்கும்" என்றாள்.

ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். அவளை அனுப்ப வேண்டாம், நான் வருகிறேன். தங்கள் மாடியறையை மெஷினுக்கு ஒழித்து வைக்கச் சொன்னாள். எனக்குக் கீழே இடம் போதுமாம்.