ஹெட்லைட்டுக்குத் தைத்த சட்டை

ஸ்கூட்டரின் பல்பை மாற்றியே தீருவது என்றும், மாற்றிய சங்கதி மனைவியின் காதுக்கு எட்டவே கூடாது என்றும் அறிவிப்பாளர் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் முடிவு செய்தார். அப்போது அவர் சாக்கடைக்குள் நின்றுகொண்டிருந்தார்.

அவராக ஒன்றும் இறங்கவில்லை. கேரம் கிளப்பை ஏரிக்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டார்கள். ஏரிக்கரைச் சாலையில் விளக்கு கிடையாது. ஸ்கூட்டரின் ஹெட்லைட்டோ அழுது வடிந்தது. அது எரிகிறதா என்று பார்க்கவே இன்னொரு டார்ச் தேவைப்படும். சாலை வளைந்தது, ஸ்கூட்டர் நேராகப் போனது.

பேருந்து நிலையத்தில் மைக் பிடித்து அறிவிப்பது அவர் உத்தியோகம். அவர் வாயைத் திறந்தால் நூறு பேர் மூட்டை முடிச்சோடு ஓடுவார்கள். அதே குரல் வீட்டு வாசலைத் தாண்டிவிட்டால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. வீட்டில் இருப்பதே ஒருத்திதான். தையல் டீச்சர். அவர் மனைவி.

டீச்சர் இரண்டு வருஷமாக ஒன்றே ஒன்றைக் கேட்டு வந்தாள். சமுதாயக் கூடத்தில் ஆறரை மணிக்குத் தையல் வகுப்பு எடுக்கக் கூப்பிடுகிறார்கள், சாயங்காலத்தில் ஸ்கூட்டர் வேண்டும். அறிவிப்பாளரும் இரண்டு வருஷமாக ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தார்.

"இந்த லைட்டை நம்பி உன்னை இருட்டுல அனுப்பிட்டு நான் நிம்மதியா வீட்ல உக்கார முடியுமா?"

சொன்னதில் பாதி உண்மை. ஆறரை மணிக்கு அவரால் வீட்டில் உட்கார முடியாதுதான். கிளப்பில் உட்கார வேண்டும். அந்த லைட்டை வைத்துத்தான் சாயங்கால ஸ்கூட்டர் அவர் கைவசம் இருந்தது. நல்ல பல்பு போட்டால் ஸ்கூட்டர் கைமாறிவிடும். போடாவிட்டால் தினமும் சாக்கடை. ஆகவேதான் பல்பு வேண்டும், ஆனால் அது அவளுக்குத் தெரியக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை ஆரம்பித்தது.

"என்னங்க, பேன்ட்ல சேறு?"

"ரோட்ல தண்ணி."

"தண்ணி முட்டி வரைக்கும் ஏறி வந்துச்சா?"

"லைட்டு பத்தலைம்மா. அதைத்தானே ரெண்டு வருஷமா சொல்றேன்."

"அதுக்காக பல்பை மாத்தறேன்னு கெளம்பிடாதீங்க. போன தடவை மிக்ஸியைப் பிரிச்சீங்க. இன்னும் பரண்லதான் கெடக்கு."

"அது மோட்டார் கோளாறு."

"பிரிக்கறதுக்கு முன்னாடி ஓடிட்டு இருந்துச்சே. வேண்டாங்க. பல்பு மாத்தறதெல்லாம் உங்களால ஆகாது."

அவள் அத்துடன் விட்டுவிட்டு ஊசியில் நூலைக் கோத்தாள். அறிவிப்பாளருக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. உங்களால ஆகாதாமே!

திங்கட்கிழமை மைக்கை வைத்த கையோடு உதிரிபாகக் கடைக்கு நடந்தே போனார்.

"வெள்ளையா, பளிச்சுன்னு ஒரு எல்இடி பல்பு வேணும்."

கடைக்காரர் கேள்வியே கேட்காமல் ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். "இதான் சார் உங்க வண்டிக்குச் சரியா உக்காரும்."

"என்ன வண்டின்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே?"

"ஆளைப் பாத்தா வண்டி தெரியாதா சார்? எத்தனை வருஷ சர்வீஸ்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மாட்டினதும் பத்தடி தள்ளி சுவத்துக்கு நேரா நிறுத்துங்க. லைட்டு உயரத்துக்கு நாலு விரல் கீழ வெளிச்சம் விழணும். அடியில ஒரு ஸ்குரூ இருக்கும். திருகினா ஏறும், எறங்கும்."

தொழில் தெரிந்த மனுஷன் என்று மெச்சிக்கொண்டே அறிவிப்பாளர் திரும்பினார். மெச்சுகிற மும்முரத்தில் நாலு விரல் சமாசாரத்தை மறந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் தன் அக்கா வீட்டுக்குப் போன மறுநிமிஷம் வேலை தொடங்கியது. கழற்றியது ஆறு ஸ்குரூ. பல்பைத் தலைகீழாக இரண்டு தடவை மாட்டி, நேராக ஒரு தடவை மாட்டி, முகப்பை மூடி, திரும்ப முடுக்கியது நாலு ஸ்குரூ. மீதி இரண்டும் வண்டி செய்தவர்கள் தாராள மனசோடு வைத்தவை என்று தீர்மானித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சுவிட்சைத் தட்டினார். பட்டப்பகலிலேயே கண் கூசியது. வாயெல்லாம் பல்லாக அவர் தன்னந்தனியே வாசலில் நின்றார்.

அப்புறம்தான் உறைத்தது. இதை எப்படி மறைப்பது? சாயங்காலம் அவர் கிளம்பும்போது டீச்சர் கேட்டருகே நின்று வழியனுப்புவது வழக்கம்.

"இந்தாம்மா, ஹெட்லைட்டுக்கு ஒரு உறை தைச்சுத் தாயேன்" என்றார் அன்று மாலை.

"எதுக்கு?"

"தூசி படியுது."

"வண்டி பூரா படியுதே. லைட்டுக்கு மட்டும் சட்டையா?"

"முதல்ல அதுக்குத் தை."

"என்ன கலர்?"

"மஞ்சள். நல்ல தடிமனா."

டீச்சர் வேறெதுவும் கேட்கவில்லை. டேப்பை எடுத்து வந்து ஹெட்லைட்டுக்குக் குறுக்கே ஒன்று, சுற்றளவு ஒன்று என்று அளவெடுத்தாள். சுற்றிலும் எலாஸ்டிக் வைத்து, ஓரம் மடித்து, அரை மணியில் தைத்துக் கொடுத்தாள். போட்டுப் பார்த்தால் பழைய லைட்டேதான். அதே அழுமூஞ்சி வெளிச்சம். அறிவிப்பாளருக்குத் தன் புத்தியை நினைத்து மெய்சிலிர்த்தது.

வாசலில் சட்டையோடு கிளம்புவார். தெருமுனையில் கழற்றுவார். திரும்பும்போது அதே முனையில் மாட்டுவார். ஒரே ஒரு குறை. ஏரிக்கரையில் மரக்கிளைகளும் மேலே தூங்கும் காக்கைகளும் துல்லியமாகத் தெரிந்தன. சாலை மட்டும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலையில், தெருமுனை மாடியில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சார், தினமும் ஆறரைக்கு உங்க ஸ்கூட்டர் லைட்டு என் ரூமுக்குள்ள வருது."

அறிவிப்பாளர் திருதிருவென்று விழித்தார். "நம்ம லைட்டா? அது கீழ ரோட்டுக்கே பத்தாதே டாக்டர்."

"நான் பல்லுல அடிக்கற லைட்டே இவ்வளவு இல்ல சார். நேத்து ஒருத்தரை வாயைத் திறங்கன்னேன். கண்ணை மூடிட்டாரு."

உள்ளே தையல் மிஷின் நின்றது. டீச்சரின் குரல் வந்தது. "நிலாவா இருக்கும் டாக்டர்."

"ஆறரை மணிக்கா?"

"நம்ம தெருவுக்குச் சீக்கிரமா வந்துடுது."

டாக்டர் தலையைச் சொறிந்தபடி போனார். பாவம், வெகுளி, நமக்காகப் பரிந்து பேசுகிறாளே என்று அறிவிப்பாளர் உருகிப்போனார். மிஷின் மேல் குனிந்திருந்த அவள் தோள் குலுங்கியது. மிஷின் அதிர்வு என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காம்பவுண்டுச் சுவரில் நீல நிறத்தில் ஒரு கோடு இருந்தது. தையல் சாக்குக்கட்டியால் போட்டது.

"சுவத்துல என்ன கோடு?"

"ஒரு கவுனுக்கு உயரம் பாத்தேன். அழிச்சிடாதீங்க, வேலை இருக்கு."

அவள் கடைத்தெருவுக்குப் போன நேரத்தில், கடைக்காரர் சொன்ன நாலு விரல் ஒருவழியாக அவருக்கு ஞாபகம் வந்தது. ஸ்கூட்டரைச் சுவருக்கு நேராக நிறுத்தி லைட்டு உயரத்தை அளந்தார். நாலு விரல் கீழே சரியாக அந்த நீலக்கோடு. தனக்கு இன்று நல்ல நேரம் என்று மகிழ்ந்து, ஸ்குரூவைத் திருகி, வெளிச்சத்தைக் கோட்டில் கச்சிதமாக உட்கார வைத்தார். அன்று ஏரிக்கரையில் ஒவ்வொரு பள்ளமும் தெரிந்தது. மறுநாளும் தெரிந்தது. வாழ்க்கை இனித்தது.

ஒன்றாம் தேதி ஆறேகால் மணிக்குத் தலையை வாரிக்கொண்டு அறிவிப்பாளர் வாசலுக்கு வந்தார். ஸ்கூட்டரின் மேல் டீச்சர் உட்கார்ந்திருந்தாள். தலையில் ஹெல்மெட். காலடியில் துணிப்பை.

"எங்கம்மா கெளம்பிட்டே?"

"கிளாஸுக்கு. இன்னிக்குத்தான் முதல் நாள்."

"இந்த லைட்டை நம்பியா? இருட்டுல நான் எப்படி..."

டீச்சர் குனிந்து மஞ்சள் உறையை உருவிப் பைக்குள் வைத்தாள். சுவிட்சைத் தட்டினாள். வெள்ளை வெளேரென்ற வெளிச்சத்தில் நீலக்கோடு பளிச்சிட்டது. அறிவிப்பாளர் முகத்தில் வழிந்த அசடும் நன்றாகவே தெரிந்தது.

"இப்ப பத்துமா?" என்றாள்.

அறிவிப்பாளர் சீப்பைச் சட்டைப் பையில் செருகினார்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"நீங்க வாங்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடி. கடைக்காரர் சம்சாரம் என் கிளாஸ்ல சேர்ந்திருக்கா. எந்த பல்புன்னு நான்தான் சொல்லி வெச்சேன். சுவத்துல கோடும் உங்களுக்காகப் போட்டதுதான். அப்புறம், உங்க சட்டையைத் துவைக்கறப்ப ரெண்டு ஸ்குரூ கெடைச்சுது. அதையும் மாட்டிட்டேன்."

"அப்போ நீயே மாத்தியிருக்கலாமே?"

"நான் மாத்தினா ஹாரன் சரியில்லைம்பீங்க. நீங்களே மாத்தினா என்ன சொல்ல முடியும்?"

"நீதானே வேண்டாம்னே?"

"வேண்டாம்னு சொன்னாத்தானே செய்வீங்க. ஏறுங்க, கிளப்புல விட்டுட்டுப் போறேன். எட்டரைக்கு வந்து கூட்டிக்கறேன்."

அறிவிப்பாளர் பின்சீட்டில் ஏறினார். கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தார். ஆனால் ஏரிக்கரைக் காற்று இதமாக வீசியது. சாலை பகல்போலத் தெரிந்தது. டீச்சர் ஒரு பள்ளத்திலும் விடாமல் ஓட்டினாள். தன் கைவேலை எவ்வளவு அழகாக எரிகிறது என்று அவள் தோளுக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்து வந்தார். இரண்டு வருஷத்தில் ஒரு நாளும் இப்படிச் சுகமாகக் கிளப்புக்கு வந்ததில்லை என்பதை மனசுக்குள் ஒப்புக்கொண்டார்.

கிளப் வாசலில் அவரை இறக்கிவிட்டு டீச்சர் ஸ்கூட்டரைத் திருப்பினாள். போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னாள்.

"நாளைக்கு லீவுன்னு அந்த மிக்ஸியைக் கீழ எறக்கிடாதீங்க. அதெல்லாம் உங்களால ஆகாது."

அறிவிப்பாளர் உள்ளே போய்ப் பலகை முன் உட்கார்ந்தார். ஸ்ட்ரைக்கரை நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை. ஸ்குரூடிரைவரை எங்கே வைத்தோம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.