லொரேனுக்கு, வினிகர் கேக்

"மெர்ல், அம்மாவோட கார்டைப் பாத்தியா?"

அடுக்களையிலிருந்து லொரேன் கேட்டதும், மெர்ல் ஸ்டாட்லரின் வாயிலிருந்த காப்பி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"எந்தக் கார்டு?"

"வினிகர் கேக் கார்டு. அம்மா கைப்பட எழுதினது. ஞாயித்துக்கிழமை சர்ச் விருந்துக்குக் கேக் என் பொறுப்புல்ல?"

மெர்ல் ஒஹாயோவில் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்ந்தவர். ஓய்வுபெற்ற பேஸ்பால்காரர்களுக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்குவதுதான் இப்போது முழுநேர வேலை. கவருக்குள் மரியாதையாக ஒரு கடிதம், ஆட்டக்காரரின் படம் போட்ட அட்டை, கூடுதலாக ஒரு கையெழுத்துக்கு வெற்று அட்டை, திரும்பி வருவதற்குத் தம் விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய இன்னொரு கவர். கையெழுத்து வந்த அன்றே நன்றிக் கடிதமும் போய்விடும். சிறுவயதில் அவர் உயிரையே வைத்திருந்த அணியில் இருபத்தைந்து பேர். இருபத்து நான்கு பேர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள், புண்ணியவான்கள். மிச்சம் ஒரே ஒருவர், ஓக்லஹோமாவில் இருக்கும், பந்து பிடிக்கும் பழைய கேட்சர் பக் டில்லரி. ஐம்பது வருடமாக யாருக்கும் பதில் போடாத மனிதர்.

பத்து நாளைக்கு முன்புதான் அவருக்கு மறுபடி எழுதியிருந்தார். அன்றைக்கு லொரேன் சமையல் குறிப்புப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சமையல் மேடையில் அவளுடைய குறிப்பு அட்டைகளும் இவருடைய வெற்று அட்டைகளும் கலந்து கிடந்தன. ஒரே கடை, ஒரே அளவு. கைக்குக் கிடைத்ததைக் கவரில் வைத்து ஒட்டினார். திருப்பிப் பார்க்கவில்லை, பாவி மனிதர்.

"அடுப்புக்குப் பின்னால விழுந்திருக்கும்," என்றார், வாயில் வந்ததை.

"அப்போ நகத்து."

நகர்த்தினார். அடுப்பின் கதவு கழன்று கையோடு வந்தது. அதைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டு, நேரே மேசைக்குப் போய் டில்லரிக்கு அவசரக் கடிதம் எழுதினார். 'ஐயா, அது காலமான என் மாமியார் எழுதியது. கையெழுத்தே வேண்டாம், அட்டை வந்தால் போதும்.'

வெள்ளிக்கிழமை தபால்காரி டார்லீன் வந்தாள்.

"மெர்ல், உங்களுக்கு அவசரத் தபால். எழுத்து அப்படியே உங்க எழுத்தாட்டமே இருக்கு!"

அவர் எழுத்தேதான். ஆயிரம் கவர்களில் சொந்த விலாசம் எழுதிப் பழகிய கை, பதற்றத்தில் மேல் கவரிலும் அதையே எழுதித் தொலைத்திருந்தது.

"யாரு எழுதியிருக்கா?" லொரேன் எட்டிப் பார்த்தாள்.

"ஒரு பைத்தியக்காரன்," என்றார் மெர்ல், மனதார.

இனி ஒரே வழிதான். ஒரு புது அட்டையைத் தேநீரில் நனைத்து உலர்த்தி, மாமியாரின் கோணல் எழுத்தில் எழுத உட்கார்ந்தார். 'லொரேனுக்கு, வினிகர் கேக்.' மாவு, சர்க்கரை, கோகோ எல்லாம் நினைவிருந்தது. வினிகர் ஒரு கரண்டியா, அரைக் கிண்ணமா? பேரே வினிகர் கேக் ஆயிற்றே என்று அரைக் கிண்ணம் போட்டார்.

"லொரேன்! கிடைச்சிருச்சு!"

அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

"நல்லவேளை மெர்ல். அம்மா கையெழுத்துன்னு எங்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான்."

மெர்லுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடமாட்டோமா என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் முதல் வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். ஜெபம் செய்கிறார் என்று எல்லாரும் தலைகுனிந்தார்கள். பிறகு அவர்களும் ஒரு வாய் வைத்தார்கள். சர்ச்சில் தண்ணீர் தீர்ந்துபோயிற்று.

வீட்டுக்கு வந்ததும் லொரேன் அந்த அட்டையை மேசைமேல் வைத்தாள்.

"அரைக் கிண்ணம்னதுமே எனக்கு இடிச்சுது. அம்மா எழுதியிருக்காளே, எதுத்துப் பேசக்கூடாதுன்னு ஊத்தினேன். இது அவ எழுதினதில்ல. உண்மையச் சொல்லு."

சொன்னார், ஒன்று விடாமல். அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. இரண்டு நாள் ஒரு வார்த்தை பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை டார்லீனின் குரல் வாசலில் கேட்டது.

"ஓக்லஹோமாலேர்ந்து தபால்!"

மெர்ல் ஒற்றைச் செருப்போடு ஓடினார்.

"கையை எடுங்க, உங்களுக்கில்ல. லொரேனுக்கு." கொடுத்துவிட்டு அவளும் போகாமல் நின்றாள்.

லொரேன் பிரித்து உரக்கப் படித்தாள்.

'அன்புள்ள லொரேன் அம்மாளுக்கு, உங்கள் பெயரை அட்டையில் பார்த்தேன். ஐம்பது வருடமாக எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் எதையாவது கேட்டுத்தான் எழுதுவார்கள். உங்கள் கணவர்கூட என்னவோ கேட்டிருந்தார், கவனிக்கவில்லை. எனக்கு ஒன்றைக் கொடுத்தது நீங்கள்தான். என் அம்மாவும் இதே கேக் செய்வாள். பதினெட்டு வயதில் பந்தாட வீட்டைவிட்டுக் கிளம்பியபின் நான் அதைத் தின்றதில்லை. நேற்றுச் செய்தேன். மூன்று துண்டு தின்றேன், கொஞ்சம் அழுதேன். குறிப்பை எழுதிக்கொண்டு அட்டையைத் திருப்பி அனுப்புகிறேன், பத்திரமாக வையுங்கள். படத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். என்னிடம் என் படம் ஒன்றுகூட இல்லை, மிகவும் நன்றி. ஒரு வெற்று அட்டை வைத்திருக்கிறேன். அதில் உங்கள் கையெழுத்தைப் போட்டு அனுப்புவீர்களா? என் விலாசம் எழுதிய கவரும் உள்ளே இருக்கிறது. நன்றியுடன், பக் டில்லரி.'

லொரேன் அம்மாவின் அட்டையைத் தடவிப் பார்த்தாள். ஓரத்திலிருந்த பழைய கோகோக் கறைகூட அப்படியே இருந்தது.

"மெர்ல், காப்பி போடவா?"

இரண்டு நாளில் முதல் பேச்சு. மெர்ல் தொப்பியைக் கழற்றி, ஓக்லஹோமாவில் இருக்கும் அந்த மகராசனை மனதார வாழ்த்தினார். அப்போதுதான் கடிதத்தின் அடியில் கண் போயிற்று. பக் டில்லரி. நீல மையில், முழுப் பெயர். இருபத்தைந்தாவது கையெழுத்து!

"லொரேன், கண்ணு, அந்தக் கடுதாசியோட அடியில ஒரு துண்டு மட்டும்..."

லொரேன் கடிதத்தை மடித்துக் குறிப்புப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"இது எனக்கு வந்தது."

தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே டார்லீன் சொன்னாள்:

"மூஞ்சியைத் தொங்கப்போடாதீங்க மெர்ல். உங்களுக்குத் தெரியாத முறையா? மரியாதையா லொரேனுக்கு ஒரு கடுதாசி எழுதி, தபால்தலை ஒட்டின கவரும் வச்சு அனுப்புங்க. நான் கொண்டாந்து குடுக்கிறேன்!"