ஓரத்தில் நின்ற ஐந்து பேர்

திருத்தணியில் பொய் சொல்லத் தெரியாத மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் போயும் போயும் நடத்தியது ஃப்ளெக்ஸ் பேனர் கடை.

பேனர் உலகம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகளை வரவேற்கும் பேனரில் முருகன் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்பார். மீதி இடமெல்லாம் வரவேற்பவர்கள். அத்தனை பேரும் சிவப்பு. வழுக்கை என்ற ஒன்றே உலகத்தில் இராது. நம்மாள் கடையில் மட்டும் அவரவர் முகம் அவரவர் நிறத்திலேயே அச்சாகும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைத் தொடவே மாட்டார். "ஒரிஜினல் குடுங்க" என்று கையை நீட்டுவார். ஊரில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால் நாலு பேராவது யோசிப்பார்கள்.

பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு கல்யாண மாப்பிள்ளை, அக்காவோடு வந்தார்.

"தம்பிக்குக் கொஞ்சம் கலர் ஏத்துங்கண்ணா" என்றார் அக்கா.

"ஏத்தலாம்மா. அப்புறம் மண்டபத்துல பொண்ணு வூட்டுக்காரங்க பேனர்ல கீற மாப்ளையத் தேடிகினு இருப்பாங்க. இவுரு யாருன்னு கேப்பாங்க. பரவால்லியா?"

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அக்கா தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

இன்னொரு பிரமுகர், தலை நிறைய முடி இருந்த காலத்துப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரிஜினல் மறுபேச்சில்லாமல் போட்டுக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டு எதிரே பேனர் ஏறிய பிறகுதான் பிரமுகரின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததை ஊர் படித்தது: 'பழைய படம்'.

இப்படி இருந்தால் கடையில் ஈதான் ஓட்ட வேண்டும். அவசரத்துக்கு ஓடி வருபவர்கள் மட்டும் வருவார்கள். அங்கேதான் காத்திருக்க வேண்டியதில்லை. அவருக்கு ஐம்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடங்களில் அவர்கள் என்ன கேட்டார்களோ, இவர் என்ன உண்மையைச் சொல்லித் தொலைத்தாரோ. கடைக்குப் பின்னாலேயே ஓர் அறை. கடையில் இரண்டு நாற்காலிகள். இரண்டாவதில் எப்போதும் ஃப்ளெக்ஸ் சுருள்தான் உட்கார்ந்திருக்கும்.

வேலை இல்லாத நேரமெல்லாம் மீம் போடுவார். அதற்கு அவர் சினிமா முகம் எதையும் தேடியதில்லை. கே.ஜி.கண்டிகை டீக்கடையில் ஓர் ஆடு உண்டு. சுவரொட்டி தின்றே வளர்ந்தது. பாதி போஸ்டரை வாயில் வைத்துக்கொண்டு அது நிமிர்ந்து பார்த்த நேரத்தில் ஒரு படம் எடுத்திருந்தார். அந்த ஒரே ஆட்டை வைத்து மின்வெட்டு, குடிநீர், எம்.எல்.ஏ. வருகை என்று எல்லாவற்றையும் சமாளித்தார். காலை ஆறு மணிக்கு எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஆடு வந்துவிடும். இருநூறு பேரும் பார்ப்பார்கள். டீக்கடையில் ஒருவருக்கொருவர் காட்டிச் சிரிப்பார்கள். குழுவிலோ ரோஜாப்பூ போட்ட காலை வணக்கத்துக்குத்தான் கைகூப்புவார்கள். ஆட்டுக்கு யாரும் ஒரு சிரிப்புப் பொம்மைகூடப் போட்டதில்லை. நானும்தான்.

பிறகு பள்ளிக்கு நூற்றாண்டு விழா வந்தது. பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதால் விழா மலருக்கு என்னை ஆசிரியராக்கினார்கள். நான் என் வாழ்நாளிலேயே மிக அழகான வரியை எழுதினேன்: 'தொடங்கிய நாள் முதல் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாயில் அமர்ந்து பயின்ற பள்ளி.' எழுதிவிட்டு நாலு தரம் நானே படித்துப் பார்த்துக்கொண்டேன். யாரிடமும் விசாரிக்கவில்லை. அழகான வரியை யாராவது விசாரிப்பார்களா?

அந்த வரிக்கு மேலே போட ஒரு பழைய படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தது. பள்ளி இன்ஸ்பெக்டர் வந்த அன்று எடுத்தது. வாத்தியார்கள் நாற்காலியில், பிள்ளைகள் கீழே பாயில். முதல் வரிசையில் சம்மணமிட்டு என் அப்பா. அதை ஸ்கேன் எடுக்க ஒரிஜினலிடம் கொண்டுபோனேன். அவர் சட்டத்தைக் கழற்றினார்.

"எடிட்டர் சார், கொஞ்சம் இங்க வாங்க."

படத்தின் இடது ஓரம் பின்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது. சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று எங்கள் வீட்டார் மடித்திருக்க வேண்டும். ஒரிஜினல் உள்ளங்கையால் மெல்ல நீவி விட்டார். பாயை விட்டுத் தள்ளி, சுவரோரமாக ஐந்து பையன்கள் நின்றிருந்தார்கள்.

"இவருதான் எங்க நைனா" என்று நடுவில் நின்ற பையனைக் காட்டினார்.

"எப்படிச் சொல்றீங்க?"

தன் காதைத் தொட்டுக் காட்டினார். அதே விறைத்த காது. "எங்க வூட்ல அவரு படம் ஒண்ணுகூடக் கெடையாதுங்க. ரேஷன் கார்டுல கீறது படமில்ல, கறை."

"ஏன் தனியா நிக்கறாங்க?" என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் எனக்குத் தெரியும்.

"எங்க காலனிப் பசங்களுக்குப் பாய் கெடையாதுங்க. மழ பெஞ்சா கூரத் தண்ணி ஊத்தற எடத்துல நின்னுகினே படிப்பாங்களாம். சொல்லிகினே இருப்பாரு. இன்னிக்குத்தான் பாக்கறேன்."

என் வரி என் சட்டைப்பையிலேயே இருந்தது. அதை எடுத்து அடித்துத் திருத்தியிருக்கலாம். விழாக் குழுத் தலைவரிடம் முழுப் படத்தையும் காட்டினேன். அவ்வளவுதான் என் வீரம். "அந்த ஓரத்த எடுத்துடச் சொல்லுங்க, படம் பேலன்ஸா இல்ல" என்றார் தலைவர். மலரில் படம் ஓரமில்லாமல் வந்தது. கீழே என் அழகான வரி.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆட்டின் வாயில் எங்கள் மலரின் பக்கம் இருந்தது. 'வரலாறு நல்லாத்தான் கீது. உப்புதான் கொஞ்சம் கம்மி.'

அதற்கு அடுத்த நாள் எங்கள் பள்ளிப் படம். ஓரத்தில் ஐந்து வெள்ளை உருவங்கள். கீழே: 'இவங்க அன்னிக்கு லீவு.' மூன்றாம் நாள் ஆடு மறுபடியும் வந்தது. 'எல்லாரும் ஒக்காந்த பாய் எத்தினி முழம்? எடிட்டர் சாரைக் கேக்கவும்.'

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். வெளியே வந்ததும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டேன். சிரித்தது அவர் எழுதியதற்கு. கோபம் அது உண்மையாக இருந்ததற்கு. அன்று மதியம் தலைவர் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார். இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'பாவம், விடுங்கள்' என்று நான் தட்டினேன். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.

ஒரிஜினல் அசரவில்லை. தானே ஒரு குழு தொடங்கினார்.

"யாரெல்லாம் கீறாங்க அதுல?" என்று கேட்டேன்.

"நானு. ஆட்டையும் சேத்தா ரெண்டு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என்னால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் வேறு கடையில் கொடுத்திருந்த மேடை பேனர், மெஷின் கோளாறில் நின்றுபோனது. அவசரம் என்றால் போகிற இடம் ஒன்றுதானே. தலைவர் என்னை அனுப்பினார். "அந்த ஓரம் மட்டும் வரக்கூடாது, கண்டிப்பா சொல்லிடுங்க."

சொன்னேன். ஒரிஜினல் கணினியில் படத்தைத் திறந்தார்.

"ஆங். முன்னால வராதுன்னு சொல்லிடுங்க."

மறுநாள் பேனர் பிரமாதமாக நின்றது. பெரிய எழுத்தில் என் வரி, பாயில் பிள்ளைகள், முதல் வரிசையில் என் அப்பா. ஓரம் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அப்படி மூச்சு விட்டதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

என்னைப் பேசக் கூப்பிடுமுன் தண்ணீர் குடிக்க மேடைக்குப் பின்னால் போனேன். விழாவே ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, ஒரிஜினல் அங்கே பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தார். துவைத்து இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது பேனரின் முதுகை.

ஃப்ளெக்ஸைச் சட்டத்தில் அடிக்கும்போது ஓரத்தில் ஒரு சாண் வெற்றிடம் விட்டு, அதைப் பின்னால் மடித்துத்தான் ஆணி அடிப்பார்கள். இவர் ஒன்றரை முழம் விட்டிருந்தார். அந்த மடிப்பில் அச்சாகி, மேடைக்குப் பின்பக்கம் பார்த்தபடி, ஐந்து பையன்கள் வரிசையாக நின்றிருந்தார்கள்.

"முன்னால வராதுன்னு சொன்னேன் இல்ல? வரல" என்றார். "ஆனா நைனா விழாவுக்கு வந்துட்டாரு. ஆணி நானே அடிச்சேங்க. ஒருத்தர் மேலயும் படல."

ஒலிபெருக்கி என் பெயரைச் சொன்னது. "மலர் ஆசிரியர் அவர்களை மேடைக்கு அன்போடு அழைக்கிறோம்." மூன்று முறை அழைத்தார்கள், மூன்றாவதில் அன்பு குறைந்திருந்தது. நான் சமையல் பந்தலிலிருந்து இன்னொரு நாற்காலியைத் தூக்கிவந்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். பேச்சுத் தாளை நாலாக மடித்து வைத்துக்கொண்டேன்.

"கூப்பிடறாங்க, போங்க சார்" என்றார்.

"இருக்கட்டுங்க."

கைப்பேசியை எடுத்து அந்த மடிப்பைப் படம் பிடித்தேன். இருநூறு பேர் குழுவில் போட்டேன். 'என் வரி தப்பு. இவர்களுக்குப் பாய் கொடுக்கப்படவில்லை' என்று எழுதினேன். இந்த முறை அழிக்கவில்லை. டிக்குகள் நீலமாகிக்கொண்டே வந்தன. ஒருவரும் வாய் திறக்கவில்லை. நன்றியுரை முடிகிற நேரத்தில், அந்தக் குழுவில் அதுவரை ஒரு காலை வணக்கம்கூடச் சொல்லாத ஓர் எண்ணிலிருந்து ஒரு வரி வந்தது: 'கடைசியில நிக்கறது எங்க பெரியப்பா.'

ஒரிஜினல் அதை வாங்கிப் படித்தார். திரும்பவும் படித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மாலைக்குள் என்னையும் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். பள்ளிச் சுவரில் இன்றும் ஓரமில்லாத படம்தான் தொங்குகிறது. அந்த ஒன்றரை முழத்தை ஒரிஜினல் வெட்டி எடுத்துவந்து கடையில் மாட்டியிருக்கிறார். நான் போகும் நாட்களில் இரண்டாவது நாற்காலியிலிருந்து சுருளை இறக்கிவைப்பார். அவருடைய குழுவில் இப்போது பெரியப்பாவைக் காட்டியவரையும் சேர்த்து நாங்கள் மூன்று பேர், ஆட்டோடு நாலு.

காலை ஆறு மணிக்கு ஆடு வரவில்லையென்றால், ஆறரைக்கு நான் அவர் கடைக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பேன்.