தேரியில் புதைந்த ஜீப்

பிப்ரவரி 8, சனிக்கிழமை. ஜோஷுவா செய்த முதல் தவறு சிறியதுதான். நான்கு சக்கரத்துக்கும் விசை கொடுக்கும் ஃபோர் வீல் டிரைவை, தேரி மணலில் இறங்குவதற்கு முன்பே போடாமல், ஜீப் திணற ஆரம்பித்த பிறகு போட்டான்.

ஜீப் இரண்டு முறை குலுங்கி நின்றது. சுற்றிலும் சிவந்த மணல்மேடுகள், பனைமரங்கள், மதிய வெயில்.

"நின்னுட்டா?" என்றாள் பக்கத்து இருக்கையில் இருந்த லிண்டா.

"நிக்கல. கொஞ்சம் யோசிக்குது."

"நல்லா யோசிக்கட்டும். இங்கன யாருக்கு அவசரம்?" என்றார் லிண்டாவின் அத்தை லூர்து மேரி. துணைக்கு வந்தவர் அவர். மடியில் டிபன் கேரியரோடு பின்னால் உட்கார்ந்திருந்தார்.

அவசரம் ஜோஷுவாவுக்குத்தான். அவன் பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். லிண்டா மணப்பாட்டுப் பெண். தூத்துக்குடியில் எந்திரப் பட்டறை ஒன்றில் வேலை. இரு வீட்டாரும் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். லிண்டா மட்டும் இன்னும் சரி என்று சொல்லவில்லை. தேரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம், வீடு திரும்பும்போது பதில் சொல்கிறேன் என்றிருந்தாள். ஏற்கெனவே இரண்டு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றவள். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. ஜோஷுவாவுக்கோ அவளைப் பார்த்த நாளிலிருந்து அலுவலகத்தில் ஒரு கோப்பும் நகரவில்லை.

பாதையில்லாத இடத்தில் ஜீப் ஓட்டுவது எப்படி என்று ஒரு மாலை வகுப்பில் சேர்ந்து அவன் முறையாகப் படித்திருந்தான். மணலில் சக்கரம் வெறுமனே சுழன்றால் ஆக்சிலேட்டரை மிதிக்கவே கூடாது என்பது முதல் பாடம். ஜோஷுவா மிதித்தான். பின்சக்கரங்கள் ஒரு சாண் இறங்கின.

"மன்னிச்சிருங்க. மிதிச்சிருக்கக் கூடாது."

"பரவால்ல," என்றாள் லிண்டா.

"லோ கியர் போட்டா ஏறிரும்." கியருக்குப் பக்கத்தில் இருந்த குட்டி லீவரை லோவுக்குத் தள்ளிவிட்டு, பைய கிளட்சை விட்டான். ஜீப் உறுமியது. அதுவும் பைய, மிகுந்த நிதானத்தோடு, இன்னொரு சாண் கீழே போனது.

"தம்பி, நாம முன்னால போறோமா, கெணறு வெட்டுதோமா?" என்றார் அத்தை.

"என் தப்புதான் அத்தை. டயர்ல காத்தைக் கொறைக்க மறந்துட்டேன்."

இறங்கி நான்கு டயரிலும் காற்றைக் குறைத்தான். மணலுக்குள் வருமுன் செய்திருந்தால் டயர் அகலமாகி மணல்மேல் ஏறி ஓடியிருக்கும். இப்போது செய்ததில் ஜீப் தன் வயிற்றை மணலில் வைத்து சொகுசாகப் படுத்துக்கொண்டது.

லிண்டாவும் இறங்கி, கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். "நான்தான தேரி தேரின்னு உங்க உயிரை வாங்குனேன்? என்மேல கோவம் வரலியா?"

"உங்கமேல எதுக்கு? ஓட்டுனது நான்லா."

அடுத்து, காலடியில் கிடந்த ரப்பர் விரிப்பை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் செருகினான். அத்தை இதற்குள் இறங்கி, பின்னால் ஒரு பனை நிழலில் உட்கார்ந்து டிபன் கேரியரைத் திறந்திருந்தார். ஜோஷுவா கிளட்சை விட்டதும் விரிப்பு மணலோடு பறந்து போய் அந்த டிபன் கேரியர்மேலேயே இறங்கியது.

"மாதாவே! என் எறால் தொக்கு!"

"ஐயோ அத்தை, பட்டுட்டா?"

"எனக்குப் படல. ஆனா எறால் திரும்பக் கடக்கரைக்கே போயிட்டு!"

மன்னிப்புக் கேட்கப் போகும் வழியில்தான் ஜோஷுவா அதைக் கவனித்தான். பின்சக்கரங்களைச் சுற்றிப் பள்ளம். முன்சக்கரங்களைச் சுற்றி மணல் கலையவே இல்லை. அவை ஒரு முறைகூடச் சுழன்றிருக்கவில்லை.

குனிந்து பார்த்தான். முன்சக்கரத்தின் நடுவில் இருக்கும் திருகு 'ஃப்ரீ'யில் இருந்தது. பழைய ஜீப் அது. அந்தத் திருகைக் கையால் 'லாக்'குக்குத் திருப்பி வைத்தால்தான் முன்சக்கரத்துக்கு விசை போகும். இல்லாவிட்டால் உள்ளே எந்த லீவரைப் போட்டாலும் பின்சக்கரம் மட்டும்தான் சுற்றும்.

காலையில் வீட்டு வாசலில் திருப்பியதாக அவனுக்கு நினைவு. இரண்டு முறை சரிபார்த்ததாகவும் நினைவு. ஆனால் ஜோஷுவாவுக்குத் தன் நினைவின்மேல் என்றைக்குமே பெரிய நம்பிக்கை கிடையாது.

"லிண்டா, ஒண்ணு சொல்லணும். இவ்ளோ நேரமும் நம்ம வண்டி ஃபோர் வீல்லயே ஓடல. நான் லாக் போட மறந்துட்டேன். முழுக்க என் தப்பு. நீங்க வேண்டாம்னு சொன்னாலும்... அது நியாயம்தான்."

லிண்டா சட்டென்று திரும்பி நின்றுகொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. அழ வைத்துவிட்டோமே என்று அவன் பதறிப்போய் இரண்டு திருகையும் லாக்குக்குத் திருப்பினான், வண்டியை எடுத்தான். வயிறு மணலில் பதிந்துவிட்டதால், இப்போது நான்கு சக்கரமும் சேர்ந்து தோண்டின. கிளட்ச் கருகும் வாசனை வந்தது.

அந்த நேரத்தில், யாரும் கூப்பிடாமலே, பனைகளுக்கு நடுவிலிருந்து ஒருவர் டிராக்டர் ஓட்டி வந்தார்.

"வாரும் பூதத்தான்! இன்னைக்கு என்னவே இவ்ளோ பிந்திட்டீரு?" என்றார் அத்தை.

"ஜீப்பாச்சே, தானா ஏறிரும்னு நெனச்சேன் அக்கா," என்று சிரித்தபடி பூதத்தான் சங்கிலியை மாட்டினார். கொஞ்ச நேரத்தில் ஜீப் கெட்டித் தரையில் நின்றது.

ஜோஷுவா தலை குனிந்தபடி லிண்டாவின் பதிலுக்காக நின்றான். அவள் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

"போதும்ட்டி! மொத ரெண்டு மாப்ளையளோட காரும் தானா பொதஞ்சுது, இவரு ஜீப்பு பொதையாதுன்னு, வார வழியில நாசரேத்துல இவரு சோடா வாங்கப் போன நேரம் பாத்து நீ சக்கரத்துத் திருகை மாத்தி விட்ட. அவனுவ ரெண்டு பேரும் உன்னைத் திட்டுனானுவ, இவரு இவ்ளோ நேரமும் தன்னையே திட்டிக்கிட்டிருக்காரு. சரின்னு சொல்லித் தொலை, நாலாவது ஒருத்தனோட இந்த மணல்ல வந்து உக்கார என் இடுப்பு தாங்காது!"

"சரி," என்றாள் லிண்டா.

மறுநாள் ஜோஷுவாவுக்கு ஒரே வேலை: பூசை முடிந்ததும் அம்மா அப்பாவோடு மணப்பாட்டுக்குப் போய்க் கல்யாணத்துக்கு நாள் குறிப்பது. பஸ்ஸில்.