ஐம்பத்தெட்டு மார்க் வாங்கிய இடுப்பு

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், என் இடுப்பு மட்டும் விசாரணையில் இருக்கிறது.

உன் இடுப்பு மூட்டிலும் இரண்டாம் தடவை துளை போட்டு கேமரா விடவேண்டும் என்கிறார்களாம், செய்துகொள்ளட்டுமா என்று கேட்டிருந்தாய். பட்டவன் சொல்கிறேன், அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே. ஆபரேஷன்கூடப் பரவாயில்லை, அதற்கப்புறம் ஒரு படிவம் கொடுக்கிறார்கள் பார், அதுதான் வினை. சாக்ஸ் போட முடிகிறதா, மாடி ஏற முடிகிறதா என்று துருவித் துருவிக் கேட்டு, கடைசியில் நூற்றுக்கு மார்க் போடச் சொல்கிறார்கள். முதல் ஆபரேஷனுக்குப் பன்னிரண்டு போட்டேன், எட்டே மாதத்தில் வலி திரும்பி வந்தால் பின்னே என்ன போடுவது? இந்தத் தடவை வலி போன இடமே தெரியவில்லை. மனசு குளிர்ந்துபோய் ஐம்பத்தெட்டு போட்டேன். முப்பத்தாறு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்த என் கையால் ஐம்பத்தைந்தைத் தாண்டியவன் கிடையாது. உனக்கே தெரியும், நீ முப்பத்தொன்று.

தாளைப் பார்த்ததும் டாக்டரம்மா முகம் தொங்கிப்போயிற்று. "ரெண்டாவதும் சரியா வரல போலிருக்கே சார். மூணாவதா ஒண்ணு பண்ணிப் பாத்துடலாமா?"

கூட வந்திருந்த உன் அக்கா விடுவாளா? "டாக்டர், இவரு பெத்த பொண்ணுக்கே நாப்பத்தொன்பதுதான் போட்டாரு. அம்பத்தெட்டுன்னா உங்களத் தலைமேல தூக்கி வச்சிருக்காருன்னு அர்த்தம்."

"அப்ப தொண்ணூறுன்னு திருத்திடுங்க சார்" என்று பேனாவை நீட்டினார். போட்ட மார்க்கைத் திருத்துவதா? மாட்டேன் என்றேன். நாளைக்கு ஸ்கேன் எடுக்க வரச்சொல்லிவிட்டார். உன் அக்கா என்னோடு பேசுவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான், சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது. ஆகவே உனக்கு இந்தத் தலைவலி வேண்டாம்.

வீட்டில் சிறுசு பெருசு எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

வலது இடுப்பு தவிர மற்றபடி உன்னுடைய,
அத்தான்

பி.கு.: இன்று காலை ஸ்கேனுக்குப் போனேன். மூன்றாவது ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போடச்சொல்லி நர்ஸம்மா ஒரு தாளை நீட்டினார். மறுபடி எனக்கு நினைவு வந்தபோது பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். மூன்று மாடியும் படிக்கட்டு வழியாக ஓடி இறங்கி, லிப்டில் துரத்தி வந்த உன் அக்காவுக்கு முன்னால். டாக்டரம்மா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாராம். படிவத்தில் அவரே தொண்ணூற்றாறு போட்டு, இனி இவருக்கு ஆபரேஷனே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நீ உடனே அவரிடமே ஆபரேஷனுக்குத் தேதி வாங்கு. வரும்போது அவர் அறையில் என் கைத்தடி இருக்கும், எடுத்து வா. தொண்ணூற்றாறு ரொம்ப அதிகம்தான், ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை.