சோபாவின் நாலாவது கால்

அந்த சோபாவைத் தீர்த்துக்கட்டிவிடுவது என்று கால்காரர் சனிக்கிழமை காலை முடிவு செய்தார்.

கால்காரர் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். மரச்சாமான் கம்பெனியில் அவர் வடிவமைப்பாளர். உலகத்தில் வடிவமைப்பாளர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆனால் கட்டில், மேஜை, நாற்காலி, சோபா எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிக் கால் போதும் என்று கண்டுபிடித்தவர் இவர் ஒருவர்தான். ஒரு சாண் உயரக் கட்டை. பாட்டில் மூடி மாதிரி கையாலேயே திருகி மாட்டலாம், கழற்றலாம். கால் உடைந்தால் காலை மட்டும் மாற்றினால் போதும், சாமான் பிழைத்துக்கொள்ளும். கம்பெனி இன்னும் இதைத் தயாரிக்க ஆரம்பிக்கவில்லை. முதலாளிக்கு நம்பிக்கை வரட்டும் என்று மாதிரிக்குச் செய்த சாமான்கள் எல்லாவற்றையும் தன் வீட்டிலேயே போட்டு வைத்திருந்தார். போதாததற்கு 'எறியாதீர்கள், பழுது பாருங்கள்' என்று ஒரு கையேடும் எழுதி அச்சடித்துவிட்டார்.

கையேட்டை யாரும் படிப்பதில்லை என்பது ஊரறிந்த விஷயம். அவர் மனைவி படித்துவிட்டாள். அங்கேதான் வந்தது வினை.

கடைவீதியில் ஒரு புது சோபா வந்திருந்தது. பொத்தானை அழுத்தினால் முதுகு சாயும், பாதம் உயரும். பார்க்கப் போன கால்காரர் அதிலேயே தூங்கிவிட்டார். கடைக்காரர் எழுப்ப வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்ததும் மெதுவாகப் பேச்சை எடுத்தார்.

"புது சோபா ஒண்ணு வாங்கலாமா?"

"இருக்கறதுக்கு என்ன?"

"பழசாயிடுச்சு."

"நீங்களும்தான்."

"இல்லம்மா, அது உட்கார்ந்தா முனகுது."

"நீங்க உட்காராமலே முனகறீங்க. நான் மாத்தவா செஞ்சேன்?" என்றாள் அவள். "பதினோராம் பக்கத்துல என்ன எழுதியிருக்கீங்க? மரச்சட்டம் முறியற வரைக்கும் சாமானுக்கு உயிர் இருக்குன்னு. முறியட்டும், வாங்கிக்கலாம்."

ஊருக்கு உபதேசம் செய்தால் அது ஒருநாள் விலாசம் கேட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடும் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

சரி, சட்டம் முறிய வேண்டும். தானாக முறியாது. கட்டியவர் அவராயிற்றே! யோசித்தார். ஒரு கால் மட்டும் சட்டென்று ஒடிந்தால் அந்த மூலை தரையில் மோதும். மேலே போதிய பாரம் இருந்தால் சட்டமும் கூடவே முறியும். பாரத்துக்கு எங்கே போவது? அதுதான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாப்பிட வருகிறதே. மனைவியின் தம்பி. அவன் சோபாவில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. விழுவான்.

அறுந்த பையைத் தைத்து வாங்க மனைவி வெளியே போன நேரத்தில் வேலை நடந்தது. சோபாவின் பின்கால் ஒன்றைக் கழற்றி முக்கால் பாகம் அறுத்தார். பிளவில் மெழுகையும் மரத்தூளையும் குழைத்து அடைத்தார். மேலே மெருகு பூசினார். நல்ல வேலைக்காரன் கெட்ட வேலையையும் நன்றாகத்தானே செய்வான்? அறுத்த இடம் அவர் கண்ணுக்கே தெரியவில்லை. மிச்சத் தூளைக் கம்பளத்துக்கு அடியில் தள்ளிவிட்டு, நல்ல பிள்ளையாக உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

ஞாயிறு மத்தியானம் மைத்துனன் வந்தான். சாப்பிட்டான். சோபாவில் விழுந்தான். கால்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்றும் ஆகவில்லை.

"மாமா, என்னா உறுதி!" என்று இரண்டு தடவை குதித்தும் பார்த்தான். பிறகு அதிலேயே நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டான். முறிய வேண்டிய சோபா தொட்டில் மாதிரி அவனைத் தாங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து முதலாளியிடமிருந்து போன் வந்தது.

"சாயந்திரம் உங்க வீட்டுக்கு வர்றேன். ஒவ்வொரு சாமானையும் நானே உட்கார்ந்து பாக்கப்போறேன். பிடிச்சிருந்தா அடுத்த மாசமே தயாரிப்புல போட்டுடலாம். அந்தப் புதுப் பிரிவுக்கு நீங்கதான் தலைவர். ஏதாவது ஆட்டம் கண்டுச்சுன்னா இந்தக் கால் பேச்சை இத்தோட விட்டுடணும். சரியா?"

முதலாளி மைத்துனனைப் போல ஒன்றரை மடங்கு. ஓடிப்போய் மைத்துனனைப் புரட்டித் தள்ளிவிட்டு, சோபாவைக் கவிழ்த்துப் பின்கால்களைத் தடவினார். இதுவா, அதுவா?

சமையலறையிலிருந்து 'டொக் டொக்' என்று பூண்டு நசுக்கும் சத்தத்தோடு மனைவியின் குரல் வந்தது.

"அங்க என்ன தேடறீங்க?"

"கால் சரியா இருக்கான்னு..."

"எல்லாக் காலையும் காலையிலேயே இடம் மாத்திட்டேன். மாசம் ஒரு தடவை மாத்தினாத்தான் தேய்மானம் ஒரே மாதிரி இருக்கும்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

கால்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கட்டிலுக்கு நாலு, மேஜைக்கு நாலு, அப்புறம் அத்தனை நாற்காலிகள். வீடே ஒரு பெரிய பூரான் மாதிரி அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அதில் எந்தக் கால் அறுத்த கால்? மனைவியைக் கேட்டால் சொல்லிவிடுவாள். ஆனால் எதற்குக் கேட்கிறீர்கள் என்று அவளும் கேட்பாளே!

கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை. அவ்வளவு நேர்த்தியாகச் செய்து தொலைத்திருந்தார். உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். கட்டிலில் ஏறிக் குதித்தார். சாப்பாட்டு மேஜை மேல் ஏறி நின்றார். மைத்துனனையும் துணைக்கு இழுத்தார்.

"இந்த நாற்காலியில கொஞ்சம் உட்காருப்பா. இன்னும் அழுத்தி. இப்ப அதுல."

ஐந்தாவது நாற்காலியில் மைத்துனன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான். "அக்கா, மாமாவுக்கு என்னமோ ஆயிடுச்சு. நான் கெளம்பறேன்."

அவனைத் தடுக்க ஓடியபோது, சமையலறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த கட்டையில் கால்காரரின் பெருவிரல் இடித்தது. "கண்ட கட்டையையும் வழியில போட்டு வைக்கறே!" என்று நொண்டினார். தன் அறை நாற்காலியை மட்டும் அவர் விட்டுவிட்டார். அதில் முதலாளி எதற்கு உட்காரப் போகிறார்?

எதுவும் ஒடியவில்லை. ஆனால் நிம்மதி வருவதற்குப் பதிலாக மூளை இன்னொன்றைச் சொன்னது. இவ்வளவு நேரம் குதித்ததில் அந்தக் கால் இப்போது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும். இன்னும் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்தால் போதும்.

அந்த ஒரே ஒரு ஆள் அழைப்பு மணியை அடித்தார்.

"வாங்க சார், ஜன்னல் வழியா காத்து நல்லா வரும், இங்கேயே நின்னு பேசலாம்."

"நிக்கவா வந்தேன்?" என்று முதலாளி நேரே சோபாவை நோக்கி நடந்தார்.

கால்காரர் வேறு வழியின்றி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து தரையில் குப்புறப் படுத்து, இரண்டு கைகளையும் சோபாவுக்கு அடியில் கொடுத்துத் தாங்கினார். முதலாளி உட்கார்ந்தார். சோபா முனகியது. கால்காரரும் முனகினார்.

"என்ன சார், அங்க படுத்துட்டீங்க?"

காபியோடு வந்த மனைவி சொன்னாள். "அவர் எப்பவுமே இப்படித்தான் சார். தான் செஞ்ச பொருளுக்குத் தானே முட்டுக்கொடுப்பார்."

முதலாளி உருகிப் போனார். "இந்த மாதிரி ஒரு பொறுப்பான ஆளை நான் பார்த்ததே இல்லம்மா!"

பிறகு முதலாளி ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்தார். கால்காரர் ஒவ்வொன்றுக்கும் தவழ்ந்து போனார். கட்டிலுக்கு அடியில் போனபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. எதுவும் அசையவில்லை.

"முடிவு பண்ணிட்டேன்," என்றார் முதலாளி. "நாளையிலேருந்து நீங்கதான் பிரிவுத் தலைவர்."

கட்டிலுக்கு அடியிலிருந்து "நன்றி சார்" என்று ஒரு குரல் வந்தது. தலைவருக்கு இனிமேல் சம்பளமும் கூடும், சாய்கிற சோபாவும் கூடும் என்று அங்கேயே ஒரு சின்னக் கனவும் வந்தது.

"சார், ஒரு யோசனை," என்றாள் மனைவி. "இந்த சோபாவை வருஷத்துக்கு ஒரு தடவை இதே இடத்துல வச்சு போட்டோ எடுத்து விளம்பரம் பண்ணினா, எத்தனை வருஷம் உழைக்குதுன்னு ஜனங்களுக்குத் தெரியுமே?"

"பிரமாதம்! பத்து வருஷத்துக்கு இது இந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. தலைவரே, இது உங்க பொறுப்பு."

கட்டிலுக்கு அடியிலிருந்து இந்தத் தடவை நன்றி வரவில்லை.

முதலாளியின் கார் போனதும் கால்காரர் தன் அறைப் பக்கம் நொண்டிக்கொண்டே நடந்தார். மனைவியும் கூடவே வந்தாள்.

"ஏம்மா, காலையில இடம் மாத்தினியே, அதுல ஒரு கால் மட்டும்..."

"எது? அறுத்து மெழுகு அடைச்ச காலா?"

கால்காரர் அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கம்பளத்துக்குக் கீழ மரத்தூளைத் தள்ளினா ஆச்சா? வீடு பெருக்கறது யாரு? முதல்ல எனக்கு என்ன கோவம் வந்துச்சு தெரியுமா? என் தம்பி இடுப்பு ஒடிஞ்சிருந்தா, அதுக்கு மாத்து இடுப்பு உங்க கையேட்டுல எந்தப் பக்கத்துல இருக்கு?"

அவருக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. மைத்துனன் சோபாவைப் பாராட்டியது வேறு நினைவுக்கு வந்தது. "தப்புதாம்மா," என்றார். "அந்தக் கால் இப்ப எங்க?"

"எங்கயா? ரெண்டா ஒடிச்சுட்டேன். ஒரு துண்டுலதான் நாள் முழுக்கப் பூண்டு நசுக்கறேன். இன்னொண்ணு சமையக்கட்டுக் கதவுக்கு முட்டு. நீங்ககூட இடிச்சுக்கிட்டீங்களே!"

பெருவிரல் விண்ணென்று தெறித்தது. சாயந்திரம் முழுக்க நாலு காலால் நடந்த களைப்பு மொத்தமும் இடுப்பில் இறங்கியது. மேஜைக்குப் பின்னால் இருந்த தன் நாற்காலியை நோக்கி மெல்லக் குனிந்தபடியே கேட்டார்.

"அது சரி, சோபாவுக்கு நாலாவது கால் எங்கேருந்து வந்துச்சு?"

"ஐயோ, அதுல உட்காராதீங்க!"

உட்கார்ந்துவிட்டார். அந்த நாற்காலியின் நாலாவது காலுக்குப் பதிலாக அடுக்கி வைத்திருந்த 'எறியாதீர்கள், பழுது பாருங்கள்' கையேடுகள் நாலு பக்கமும் சிதறின. பிரிவுத் தலைவர் மல்லாக்கத் தரையில் கிடந்தார்.

மனைவி குனிந்து நாற்காலியை ஒரு தடவை பார்த்தாள். அவரை ஒரு தடவை பார்த்தாள்.

"பயப்படாதீங்க. நம்ம வீட்டுல எதையும் தூக்கிப் போடற வழக்கம் இல்ல."